கண்ணுக்கு மட்டும் அழகா உங்கள் வீடு?

முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் தரை. சுவரின் நிறத்துக்குப் பொருத்தமான திரைச்சீலை. கூரைக்கு அடியில் இன்னொரு கூரை, அதற்குள் ஒளிந்துகொண்டு மெல்லிய வெளிச்சம் தரும் விளக்குகள். நடுவில் மேகத்தைப் பிடித்து வைத்தது போல ஒரு சோபா... பத்திரிகையில் இப்படி ஒரு வீட்டின் படத்தைப் பார்த்தால் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போக மனசு வருகிறதா? 'நம்ம வீடும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்!' என்று ஒரு பெருமூச்சு வரத்தான் செய்யும். உறவுக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அவர்கள் போட்ட சாப்பாட்டைவிட அவர்கள் வீட்டு ஹாலைப் பற்றித்தானே வழியெல்லாம் பேசிக்கொண்டு வருகிறோம்?

'சித்த வைத்தியருக்கும் சோபா செட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. அடுக்குத் தும்மல், இரவு இருமல், விடியற்காலைத் தலைவலி, தூக்கமின்மை, இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம் 'என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. 'எந்த அறையில் படுக்கிறீங்க? ஜன்னலைத் திறப்பீங்களா? வீட்டில் சமீபத்தில் ஏதாவது வேலை பார்த்தீங்களா?' என்றும் கேட்பேன். பாதிப் பேருக்கு விஷயம் அங்கேதான் பிடிபடும்.

அழகும் மருந்துதான்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழகான வீட்டை ரசிப்பது தப்பே இல்லை. அழகுக்கு உடம்பைத் தேற்றும் சக்தி உண்டு.

அமெரிக்காவில் ராஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மருத்துவமனைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். 23 பேருடைய அறை ஜன்னல் வழியாக மரங்கள் தெரிந்தன. அவர்களைப் போன்றே வயதும் உடல்நிலையும் கொண்ட இன்னொரு 23 பேருக்கு ஜன்னலுக்கு வெளியே வெறும் செங்கல் சுவர்தான். மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-ல் வெளியான இந்த ஆய்வு, மருத்துவமனை கட்டுகிறவர்களையே யோசிக்க வைத்தது.

ஆனால், எது அழகு என்பதில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். சித்த மருத்துவத்தில் நோயைக் கண்டறிய எட்டு வகைப் பரிசோதனை உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு. இதில் நிறம் என்பது எட்டில் ஒன்றுதான். நோயாளியின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ஆரோக்கியமா இருக்கார்' என்று எந்த வைத்தியராவது சொல்வாரா? வீட்டை மட்டும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம். நிறத்தைப் பார்க்கிறோம், பளபளப்பைப் பார்க்கிறோம், 'ஆஹா!' என்று சொல்லிவிடுகிறோம். படத்தில் வரும் வீட்டுக்கு வாசனை கிடையாது, சத்தம் கிடையாது, வெப்பம் கிடையாது. நாம் வாழும் வீட்டுக்கு அவ்வளவும் உண்டு!

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐந்து பொறிகளைச் சொன்னார்கள் நம் சித்தர்கள். ஐந்தும் 'நல்லா இருக்கு' என்று சொன்னால்தான் ஓர் அறை முழுமையாக அழகு. இதை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணம் பார்ப்போம்.

பத்மநாபபுரம் சொல்லும் பாடம்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் வழியில், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. 1601-ம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. 18-ம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக்கப்பட்டது. இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு. அரண்மனை என்றதும் தங்கமும் வைரமும் இழைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். பெரும்பாலும் மரம், ஓடு, சுண்ணாம்பு!

அங்கே மந்திரசாலை என்று ஓர் அறை. ராஜா அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய இடம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்ததும் உள்ளங்காலில் இருந்து ஒரு குளிர்ச்சி ஏறும். ஜன்னல்களில் நுணுக்கமான மரச் சட்டங்கள், அவற்றுக்கு இடையே வண்ண மைக்காத் தகடுகள். வெயிலின் சூடும் தெருத் தூசியும் தடுக்கப்பட்டு, வெளிச்சம் மட்டும் வடிகட்டி வருகிறது. கண் கூசுவதில்லை. சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை சுவர்மேல் வெயில் படாமல் காக்கிறது. மரமும் ஓடும் சத்தத்தை வாங்கிக்கொள்வதால் எதிரொலி இல்லை. அமைச்சர் மெதுவாகப் பேசினாலே ராஜாவுக்குக் கேட்டிருக்கும்!

கண்ணாடி போல மின்னும் கறுப்புத் தரையைச் சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, தாவரச் சாறுகள் கலந்து போட்டதாகச் சொல்கிறார்கள். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் மூலிகைக் கட்டில் இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவ மரங்களால் ஆனது என்றும், டச்சுக்காரர்கள் பரிசாகக் கொடுத்தது என்றும் அங்கே சொல்வார்கள். சித்த வைத்தியன் என்பதால் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள்: 'அந்தக் கட்டிலில் படுத்தா நோய் தீருமா டாக்டர்?' கட்டிலை விடுங்கள், அந்த அறையைப் பாருங்கள் என்பேன். காற்று வர வழி, போக வழி, கூசாத வெளிச்சம், தூரத்துப் பச்சை. ராஜாவுக்கு நிம்மதியான தூக்கத்தைத் தந்ததில் மரத்தைவிட அறைக்குத்தான் பங்கு அதிகம் இருந்திருக்கும்.

நமக்கு அரண்மனை வேண்டாம். 800 சதுர அடி அடுக்குமாடி வீடாகவே இருக்கட்டும். அதே ஐந்து கேள்விகளை நம் வீட்டிலும் கேட்கலாம்.

கண்: இரவில் எதற்கு இவ்வளவு வெளிச்சம்?

பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு விளக்கைப் போடுகிறோம். இரவிலோ ஹால் முழுக்கப் பகல் மாதிரி வெளிச்சம். உடம்புக்கு இது தலைகீழ்ப் பாடம். பொழுது சாய்ந்தபின் வெள்ளை நீல வெளிச்சம் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தால், தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பு குறையும். 'படுத்தா ஒரு மணி நேரம் புரண்டுக்கிட்டே இருக்கேன்' என்பவர்கள் மாத்திரையைத் தேடும் முன், படுக்கையறை பல்பைப் பாருங்கள். எல்.இ.டி. பல்பின் பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் அது பட்டப்பகல் வெளிச்சம். படுக்கையறைக்கு 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் கொண்ட 'வார்ம் ஒயிட்' போதும்.

இன்னொரு விஷயம். படுக்கையறையைப் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும்! ஃபின்லாந்தில் பைமியோ என்ற ஊரில், அல்வார் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர் காச நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை கட்டினார். 1933-ல் திறந்தார்கள். படுத்தே கிடக்கும் நோயாளிக்குச் சுவரைவிடக் கூரைதான் அதிகம் தெரியும் என்று யோசித்தார் அவர். கூரைக்குக் கண்ணை உறுத்தாத கரும்பச்சை நிறம் பூசினார். படுத்திருப்பவர் கண்ணில் நேராக விழாதபடி விளக்கை வைத்தார். நம் வீடுகளில்? ஃபால்ஸ் சீலிங்கில் கட்டிலுக்கு நேர் மேலே நான்கு விளக்குகள்! காய்ச்சலில் படுத்தால்தான் அதன் அருமை தெரியும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பகல் வெளிச்சம் படும் இடத்தில் படிப்பு மேஜையைப் போடுங்கள். அதோடு தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே விளையாட விடுங்கள். வெளி வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. எவ்வளவு அழகான அறையும் அந்த வெளிச்சத்துக்கு ஈடாகாது.

மூக்கு: புது வாசனை நல்ல வாசனையா?

ஒரு தாய் தன் ஏழு வயதுப் பையனை அழைத்து வந்தார். இரவானால் இழுப்பு, இருமல். "டாக்டர், புது ஃப்ளாட். குடிவந்து மூணு மாசம்தான் ஆகுது. ஒரு தூசி தும்பு கிடையாது. அப்புறம் எப்படி இவனுக்கு வீசிங் வருது?" என்று கேட்டார். விசாரித்தேன். பையனின் அறையில் ஆறடி பிளைவுட் அலமாரி, புது பெயின்ட், தரையில் தடித்த கார்ப்பெட். ஏ.ஸி.க்காக ஜன்னல் இருபத்து நாலு மணி நேரமும் மூடல். 'நல்லா மணக்கணும்னு' ரூம் ஃப்ரெஷ்னர் வேறு!

புது பிளைவுட்டைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வருமே, அதில் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு இருக்கிறது. மரத்தூளையும் தகடுகளையும் ஒட்டும் பசையில் இருந்து அது மாதக்கணக்கில் கசியும். வெப்பமும் ஈரமும் கூடக்கூடக் கசிவும் கூடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் இதை வகைப்படுத்தியது. அதற்காக அலமாரியே கூடாது என்று இல்லை. வாங்கும்போது 'இ-ஜீரோ' அல்லது 'இ-ஒன்' தரமா என்று கேளுங்கள். வெட்டிய ஓரங்களை மூடி ஒட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சில வாரங்களாவது அலமாரிக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து போட்டபின் குடிபோங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கும்போதே இதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

அந்தப் பையனின் அறையில் இருந்து கார்ப்பெட்டும் ஃப்ரெஷ்னரும் வெளியே போயின. காலையும் மாலையும் ஜன்னல் திறந்தது. குழந்தை மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இரண்டு மாதத்தில் இரவு இருமல் வெகுவாகக் குறைந்தது. இழுப்பு அடியோடு ஒழிந்துவிட்டது என்று கதைவிட மாட்டேன். ஆனால் பையன் தூங்கினான், அம்மாவும் தூங்கினார்!

பெயின்ட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பச்சை வால்பேப்பர் என்றால் பைத்தியமாக இருந்தார்கள். கார்ல் ஷீலே என்ற விஞ்ஞானி 1775-ல் கண்டுபிடித்த அந்தப் பச்சை நிறத்தில் இருந்தது என்ன தெரியுமா? ஆர்சனிக்... நம் பாஷையில் பாஷாணம்! அழகான சுவரில் இருந்து விஷத் தூசி உதிர்ந்து, குடும்பம் குடும்பமாகச் சீக்கில் விழுந்தார்கள். நம் காலத்தில் அந்த இடத்தில் இருந்தது காரீயம். இந்தியாவில் வீட்டு பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் உங்கள் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் இன்னும் இருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டினால் தூசி பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும். எனவே, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்கவே வேண்டாம்.

'சாம்பிராணி போட்டா காற்று சுத்தமாகும்தானே டாக்டர்?' மணம் மனசுக்கு இதம். ஆனால் புகை புகைதான். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் வேண்டாம். கொசுவர்த்திச் சுருள் இன்னும் மோசம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். அழகான கொசுவலைகளும் கிடைக்கின்றன!

'மூலைக்கு மூலை செடி வெச்சிருக்கோம், காற்றைச் சுத்தம் பண்ணுமாமே?' மூடிய சிறு கூண்டுக்குள் செடிகள் சில வாயுக்களை இழுத்துக்கொள்வதை 1989-ல் அமெரிக்காவின் நாசா ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் வீடு கூண்டு அல்லவே. திறந்த ஜன்னல் செய்யும் வேலையைச் செடியால் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று 2019-ல் வெளியான ஆய்வு கணக்குப் போட்டது. அப்புறம் நமக்கு உட்கார இடம் ஏது? செடியை அதன் பசுமைக்காக வையுங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில், வெள்ளைப் புள்ளிகள் சிதறிய பெரிய இலை கொண்ட டிஃபன்பேக்கியா வேண்டாம். அதைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். பால்கனியில் அரளியும் வேண்டாம். அது இதயத்தைத் தாக்கும் விஷம்.

மெய்: தோலைக் கேட்டுப் பாருங்கள்

வெயில், குளிர், ஈரம், கொசுக்கடி, வழுக்கல்... இவையெல்லாம் மெய்யின் பாடு.

கார்ப்பெட், தடித்த குஷன், மெத்தை ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் குடியிருக்கும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவை செழிக்கும். நம் கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். குளிர் நாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுச் சென்னையில் கார்ப்பெட் விரித்தால், அது தூசிப் பூச்சிக்குத்தான் சுகம்! அழகான விரிப்பு வேண்டுமா? திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறார்கள். வண்ணமும் வழவழப்பும் பார்த்தால் பட்டுப் போல இருக்கும். வியர்வையில் பிசுபிசுக்காது, உதறலாம், துடைக்கலாம், சுருட்டி வைக்கலாம். எந்தப் பாயில் படுத்தால் உடம்புக்கு என்ன என்று நம் பழைய சித்த நூல்கள் தனியாகவே பேசுகின்றன. மெத்தையை வாரம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

சுவரில் ஈரம் கசிந்தால் அதன்மேல் வால்பேப்பர் ஒட்டி மறைக்காதீர்கள். புண்ணுக்குப் புனுகு பூசுவது போல ஆகிவிடும். உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும். ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் என்றே 2009-ல் உலக சுகாதார நிறுவனம் தனி வழிகாட்டி வெளியிட்டது. அந்த அளவுக்கு இது சுவாச நோயோடு நெருங்கிய சங்கதி. முதலில் கசிவை அடையுங்கள், சுவரைக் காயவிடுங்கள், அப்புறம் நிறம் தேடுங்கள்.

ஏ.ஸி.யை 18-ல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்வதில் என்ன புத்திசாலித்தனம்? 2020 ஜனவரியில் இருந்து புது ஏ.ஸி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். மதுரை, திருச்சி போல உலர்ந்த வெயில் அடிக்கும் ஊர்க்காரர்கள், ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குளிர்ச்சியும் கிடைக்கும், மணமும் கிடைக்கும்.

பளபளத் தரைக்கு வருவோம். மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "கண்ணாடி மேல நடக்குத மாதிரி இருக்குய்யா. பயந்து பயந்தே இடுப்பு புடிச்சிக்கிட்டு." எவ்வளவு சத்தியமான வார்த்தை! உலர்ந்த தரையில் வெறுங்கால் ஓரளவு பிடிக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தீர்ந்தது. வயதானவர்கள் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தால், அதில் இருந்து எழுந்து பழையபடி நடப்பது பெரும்பாடு. குளியலறைக்கும் சமையலறைக்கும் சொரசொரப்பான டைல்ஸ் மட்டுமே போடுங்கள். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, கட்டிலில் இருந்து அங்கே போகும் வழியில் தாழ்வாக ஒரு சின்ன விளக்கு. ஆகும் செலவு ஒரு திரைச்சீலையின் விலைகூட இருக்காது.

பூச்சாடியும் மணி பிளான்ட் பாட்டிலும் மேஜைக்கு அழகுதான். டெங்குக் கொசுவுக்கும் அது பிரசவ அறை! முட்டையில் இருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, முட்டைகள் சாடியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை, கிழமை குறித்துவைத்து, உள்ளே தேய்த்துக் கழுவுங்கள்.

செவி: உங்கள் ஹால் கத்துகிறதா?

மேலே சிமென்ட், கீழே டைல்ஸ், பக்கத்தில் கண்ணாடி. இப்படிப்பட்ட ஹாலில் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தால் மணி அடித்த மாதிரி இருக்கும். நாம் பேசுவது சுவரில் முட்டித் திரும்பி வரும். டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவோம், அதை மீறி நாம் கத்துவோம். காது மந்தமான தாத்தாவுக்கோ சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. 'எதைச் சொன்னாலும் கோபப்படுகிறார்' என்று அவர் மேல் பழி!

மருந்து மிகச் சுலபம். பருத்தித் திரைச்சீலை, புத்தகங்கள் அடுக்கிய திறந்த அலமாரி, சுவரில் ஒரு துணி ஓவியம். இவை சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொன்னது. அது கிசுகிசுப்புப் பேச்சின் அளவுதான். ஆகவே தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ், டி.வி. எதுவும் படுக்கையறைச் சுவரை ஒட்டி வேண்டாம். முன்பு சொன்ன பைமியோ மருத்துவமனையில், ஒருவர் கை கழுவும் சத்தம் பக்கத்துக் கட்டில்காரரின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று, தண்ணீர் விழும் ஓசையே எழாத தொட்டியை வடிவமைத்திருந்தார்கள். அந்தக் கரிசனத்தையும் அழகு என்றுதானே சொல்ல வேண்டும்?

வாய்: சமையலறைக்கு முதல் மரியாதை

ஹாலுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்யும் குடும்பம், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் ஆறு மாதமாகக் கிடப்பதைக் கண்டுகொள்ளாது. தாளிப்புப் புகையும், கேஸ் அடுப்பில் இருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் நாள்தோறும் உள்ளே போவது சமைப்பவரின் நுரையீரலுக்குள்தான். ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை என்றால் வீட்டில் எல்லோருக்கும் பங்கு! சிம்னி வாங்கினால் குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும் சிம்னியாக வாங்குங்கள். குழாய் இல்லாதது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்குமே தவிர, வெப்பத்தையும் வாயுவையும் மறுபடி வீட்டுக்குள்ளேயே விடும்.

மேடையின் உயரத்தைப் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சமைப்பவரை நிற்க வைத்து அளந்து முடிவு செய்யுங்கள். முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். குனிந்தே சமைத்தால் இடுப்பு வலி, தோளைத் தூக்கியே சமைத்தால் கழுத்து வலி. தைலம் பூசித் தீராத வலி, மேடையை மாற்றினால் தீர்ந்ததுண்டு.

மாடுலர் கிச்சனில் சின்க்குக்கு அடியில் கதவைத் திறந்து பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? ஈரம் ஊறிய பிளைவுட்தான் கரப்பான் பூச்சியின் சொந்த வீடு. அதன் கழிவும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும்.

பித்தளை, செம்புப் பாத்திரங்களை ஷெல்ஃபில் அடுக்குவது இப்போது மறுபடியும் நாகரிகம். பார்க்க லட்சணம்தான். ஆனால் உள்ளே பூச்சு இல்லாத பித்தளையில் புளி, மோர், எலுமிச்சை சேர்ந்த பதார்த்தம் வைத்தால் செம்பு கரைந்து இறங்கும், குமட்டலும் வாந்தியும் வரும். ரசத்துக்கு ஈயச் சொம்பு வாங்குகிறவர்கள் ரொம்ப ஜாக்கிரதை! நம் பாட்டிமார் பயன்படுத்தியது வெள்ளீயம். அந்தப் பெயரில் காரீயம் கலந்ததை வாங்கிவிட்டால், ரசத்தோடு விஷத்தையும் ஊற்றிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். நம்பகம் இல்லாவிட்டால் ஷெல்ஃபில் அழகுக்கு இருக்கட்டும், அடுப்பில் வேண்டாம்.

சூரணம், லேகியம், மாத்திரை டப்பாக்களை அடுப்புக்கு மேலே அடுக்காதீர்கள். சூட்டிலும் ஆவியிலும் மருந்து கெடும். குழந்தை கைக்கு எட்டாத, உலர்ந்த, நிழலான அலமாரியில் வையுங்கள்.

எதை முதலில் செய்வது?

வீட்டை அழகுபடுத்தப் பணம் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? கடன் வாங்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்:

1. கூரையிலும் சுவரிலும் குளியலறையிலும் உள்ள நீர்க்கசிவை அடையுங்கள்.

2. எல்லா ஜன்னலும் திறக்கும்படி செய்து வலை அடியுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைக் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் பெரிய சாலை என்றால் வண்டிகள் குறைந்த விடியற்காலையில் திறக்கலாம்.

3. சமையலறைப் புகை வெளியேற வழி செய்யுங்கள்.

4. குளியலறைக்குச் சொரசொரப்பான தரை, கைப்பிடி.

5. படுக்கையறைக்கு இதமான விளக்கு, வெயிலில் காயவைக்க வசதியான மெத்தை.

6. மிச்சப் பணத்தில் சோபா, ஃபால்ஸ் சீலிங், ஓவியம் எல்லாம். மனசாரச் செய்யுங்கள்!

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இரண்டும் ஐந்தும் செய்தாலே பெரிய பலன் தெரியும். அதற்கு வீட்டுக்காரரின் தயவுகூட வேண்டாம்.

அடுத்த முறை அழகான வீட்டின் படத்தைப் பார்த்தால், 'இந்த அறையில் ஜன்னல் எங்கே?' என்று தேடுங்கள். விளக்குக்கு நேர் கீழே கட்டில் இருக்கிறதா, தரையில் பாட்டி நடக்க முடியுமா, இந்தக் கார்ப்பெட்டை எப்படித் துவைப்பது என்று கேளுங்கள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், மற்றதைப் படத்திலேயே விட்டுவிடலாம்.

இன்று இரவு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். டி.வி., ஏ.ஸி., விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குடும்பத்தோடு பத்து நிமிஷம் ஹாலில் சும்மா உட்காருங்கள். காற்று வருகிறதா? ஏதாவது நெடி அடிக்கிறதா? எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறதா? வீட்டில் எந்த வேலையை முதலில் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். மறக்காமல் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.